உள்வாடகைக்கு விட்டவரைக் காலி செய்ய வைக்க முடியுமா?

கேள்வி: மதுரையில் உள்ள எங்கள் வீட்டின் மாடிப் பகுதியை ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். ஒப்பந்தம் முறைப்படி பதிவாகியுள்ளது. என்னைக் கேட்காமலேயே அவர் இரண்டு அறைகளை வேறு சிலருக்கு உள்வாடகைக்கு விட்டு, அவர்கள் தனியாக வந்துபோக அடுக்களைச் சுவரை உடைத்துக் கதவும் வைத்துவிட்டார். குடிநீர் இணைப்பைத் துண்டித்தால் காலி செய்துவிடுவார்கள் என்கிறார் என் மைத்துனர். என்ன செய்யலாம்?
– வாசகி, மதுரை

பதில்: மைத்துனரின் யோசனையை இன்றே கைவிட்டுவிடுங்கள். குடிநீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை வீட்டு உரிமையாளர் நிறுத்துவதைச் சட்டம் தடை செய்கிறது. அப்படிச் செய்தால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் நீங்களே பதில் சொல்ல வேண்டிய நிலை வரும்.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின்படி, உரிமையாளரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் வீட்டை முழுமையாகவோ பகுதியாகவோ பிறர் கைக்கு விடுவது, காலி செய்யக் கோருவதற்குப் போதுமான காரணம். ஆனால் உறவினர் வந்து தங்குவது உள்வாடகை ஆகாது. அந்த அறைகள் முழுக்க உள்வாடகைக்கு வந்தவர்கள் வசம் இருப்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். தனிப் பூட்டு, அவர்கள் பெயரில் அந்த முகவரிக்கு வரும் எரிவாயு ரசீது, வாடகை கொடுத்ததற்கான வங்கிப் பதிவு ஆகியவை இதற்கு உதவும். சம்மதிக்கவில்லை என்பதை உடனே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். தெரிந்தும் பேசாமல் வாடகை வாங்கி வந்தால், நீங்கள் ஒப்புக்கொண்டதாக அவர் வாதிடக்கூடும்.

சுவரை உடைத்த விஷயம் சற்று வேறு. கட்டடத்துக்குச் சேதம் விளைவிப்பதும் தவறான பயன்பாடுதான் என்றாலும், அதை நிறுத்தும்படி நோட்டீஸ் கொடுத்த பிறகும் அவர் தொடர்ந்தால்தான் அது காலி செய்வதற்கான காரணமாகும். பலர் இந்த நோட்டீஸைக் கொடுக்காமலேயே வழக்குப் போட்டுச் சிரமப்படுகிறார்கள். ஆகவே வழக்கறிஞர் மூலம் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) நோட்டீஸ் அனுப்பி, அது போய்ச் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். சேதத்தைப் பார்வையிட, 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் தெரிவித்துவிட்டுச் சென்று, தேதி தெரியும்படி படம் எடுங்கள்; ஒரு கட்டடப் பொறியாளரிடம் செலவு மதிப்பீடும் வாங்குங்கள். உடைத்தது தாங்கு சுவரா என்பதையும் அவரே பார்த்துச் சொல்லட்டும், ஏனெனில் கீழே குடியிருப்பவர்களின் பாதுகாப்பும் இதில் அடங்கியிருக்கிறது.

பிறகு வாடகை நீதிமன்றத்தில் மனு செய்யலாம். உள்வாடகைக்கு இருப்பவர்களையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்ப்பது நல்லது; இல்லையெனில் உத்தரவை நிறைவேற்றும்போது அவர்கள் ஆட்சேபிக்க இடமுண்டு. சுவரைச் சீரமைக்கும் செலவை அட்வான்ஸ் தொகையில் கழித்துக்கொள்ளலாம். நாள்பட்டு மங்கிய சுண்ணாம்புக்கும் தேய்ந்த தாழ்ப்பாளுக்கும் அதில் கை வைக்காதீர்கள்.