வேர்முடிச்சைப் படிக்க விரும்பும் மகளுக்கு எந்தப் பட்டம்?

மதிப்பிற்குரிய அம்மா,

தங்கள் கடிதத்தை இருமுறை படித்தேன். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியலும் கணிதமும் எடுத்துப் படிக்கும் மகள், நீட் பயிற்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, உயிரினங்கள் ஒன்றையொன்று சார்ந்து வாழும் கூட்டுயிரி வாழ்க்கையை ஆராயப் போவதாகக் கூறுகிறாள் என்றும், அப்படி ஒரு படிப்பு இருக்கிறதா, அது சோறு போடுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பெயரில் ஓர் இளநிலைப் பட்டத்தைத் தேட வேண்டாம். தாவரவியல், நுண்ணுயிரியல், பூச்சியியல், கடல் உயிரியல், வேளாண்மை என்று பல துறைகளிலும் பரவிக் கிடக்கும் ஆராய்ச்சி அது. ஆகவே, எந்தத் துறையின் வாசல் வழியாக உள்ளே போவது என்பதே இப்போது நாம் பேச வேண்டியது.

திண்டிவனம் பக்கம் தங்களுக்கு மல்லாட்டை (நிலக்கடலை) விளையும் நிலம் உண்டென்று எழுதியிருப்பதால், அங்கிருந்தே தொடங்குகிறேன். விதைப்புக்கு முன் ரைசோபியம் என்னும் நுண்ணுயிர் உரப் பொட்டலத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, விதையில் தடவி, நிழலில் உலர்த்துவதைத் தங்கள் வீட்டாரே செய்திருக்கக்கூடும். அந்த நுண்ணுயிர் வேரில் முடிச்சாகத் தங்கிக் காற்றின் தழைச்சத்தை (நைட்ரஜனை)ச் செடிக்குப் பிடித்துக் கொடுக்கிறது. செடி தன் சர்க்கரையில் ஒரு பங்கை அதற்குத் தருகிறது. 1886-இல் ஜெர்மனியில் ஹெல்ரீகல், இத்தகைய செடிகள் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பெறுவதை வெளியிட்டார். 1888-இல் நெதர்லாந்தில் பெயரிங்க் அந்த நுண்ணுயிரைத் தனியே பிரித்து வளர்த்தார். மகள் விரும்பும் துறையில் மிகப் பழைய, மிக உறுதியான வேலைவாய்ப்பும் இந்த முடிச்சைச் சுற்றியே இருக்கிறது. எந்த மண்ணுக்கு எந்த நுண்ணுயிர் வகை பொருந்தும் என்று தேர்ந்தெடுப்பவர், அதைப் பெருக்குபவர், பொட்டலத்தில் உயிருள்ளவை போதிய எண்ணிக்கையில் இருக்கின்றனவா என்று சோதிப்பவர் என அங்கே பலர் தேவைப்படுகிறார்கள்.

இந்த வாசலுக்கு உரிய பட்டம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நான்காண்டு இளநிலை வேளாண்மை. சேர்க்கை பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் தரவரிசைப்படி நடக்கிறது, நீட் தேவையில்லை. பின்னர் முதுநிலையில் வேளாண் நுண்ணுயிரியல் எடுக்கலாம். கலை அறிவியல் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துவிட்டு இந்த முதுநிலைக்குள் நுழைந்துவிடலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். தகுதி விதிகளைப் படித்துப் பார்க்காமல் அந்தக் கணக்கைப் போட வேண்டாம். ஆராய்ச்சி கைகூடாவிட்டாலும் வேளாண் அலுவலர் பணித்தேர்வை எழுத இந்தப் பட்டம் போதும் என்பதால், தங்களைப் போல் அச்சப்படும் பெற்றோருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

மகளின் ஆர்வம் பயிரோடு நிற்காமல் காட்டுக்கும் கடலுக்கும் போகுமானால், வழி வேறு. இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனங்கள் நடத்தும் ஐந்தாண்டுப் படிப்புக்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு. உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கிலும் சமமாகக் கேள்வி வரும். கணிதத்தை விடாமல் வைத்திருக்கும் தங்கள் மகளுக்கு அது சாதகமே. திருப்பதியில் உள்ள நிறுவனம் தங்களுக்குத் தொலைவும் அன்று. அது கிடைக்காவிட்டால், நல்ல கல்லூரியில் தாவரவியல் அல்லது விலங்கியல் படித்து, ஐ.ஐ.டி.கள் முதுநிலை அறிவியல் சேர்க்கைக்கு நடத்தும் ஜாம் போன்ற தேர்வுகள் வழியே முதுநிலைக்குப் போகலாம். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைகள், தம் திசுவுக்குள் வாழும் நுண்பாசிகளை வெப்பம் தாளாமல் இழந்து வெளிறுவதைத் தூத்துக்குடியில் இருந்து தொடர்ந்து ஆராய்கிறார்கள். புதுச்சேரியில் உள்ள நோய்க்கடத்தி ஆராய்ச்சி மையமோ, பூச்சிகளின் செல்லுக்குள் வாழும் வோல்பாக்கியா என்ற நுண்ணுயிரை ஏடிஸ் கொசுவில் குடியேற்றி டெங்குவைத் தடுக்கும் முயற்சியில் ஈடுபட்டிருக்கிறது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் அத்தகைய கொசுக்களை விட்டு நடத்திய ஆய்வில் டெங்கு 77 விழுக்காடு குறைந்ததாக 2021-இல் முடிவு வெளியாயிற்று. பொதுச் சுகாதாரப் பூச்சியியலில் முதுநிலைப் படிப்பும் அந்த மையத்தில் உண்டு. மருத்துவம் பயிலாமலே நோய்த் தடுப்புக்குப் பணியாற்ற ஒரு வழி இருப்பதை மகளின் தந்தையிடமும் சொல்லுங்கள்.

பட்டத்தின் பெயரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கவர்ச்சியான புதுப் பெயர் சூட்டிய பட்டம் ஒன்றைப் பெரும் கட்டணம் கொடுத்துப் படித்துவிட்டு, அது விலங்கியலுக்கு இணையானது என்னும் சமநிலை அரசாணை இல்லாததால் ஆசிரியர் பணித்தேர்வில் நின்றுபோன மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். இளநிலையில் பழைய, பழகிய பெயருள்ள பட்டமே போதும். ஆராய்ச்சிக்குரிய தனிப்பொருளை முதுநிலையின் ஆய்வேட்டிலும் முனைவர் பட்டத்திலும் தேர்ந்துகொள்ளலாம்.

மகளிடம் நேரில் பேச விரும்பும் செய்தி ஒன்றும் உண்டு. கூட்டுயிரி வாழ்க்கை என்றாலே நட்பு, விட்டுக்கொடுத்தல் என்று மாணவர்கள் உருகிப்போகிறார்கள். 1879-இல் இந்தச் சொல்லுக்கு வரையறை தந்த ஜெர்மன் தாவரவியலாளர் டி பாரி, வேறுபட்ட உயிர்கள் சேர்ந்து வாழ்வதை மட்டுமே குறித்தார். ஒட்டுண்ணியும் அதில் அடக்கம். அத்திக்காயைப் பாருங்கள். மகரந்தம் கொண்டுவரும் குளவி உள்ளே புகுந்து, சூல் கொள்ளச் செய்து, முட்டையிட்டு அங்கேயே மடிகிறது. அதே காயில் மகரந்தம் எதுவும் கொண்டுவராமல் முட்டை மட்டும் இடும் குளவிகளும் உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் ரெனே போர்ஜஸ் குழுவினர் நெடுங்காலம் ஆராய்ந்தது இந்த அத்தியைத்தான். இருவருக்கும் நன்மை என்று எப்படி அளந்தாய் என்ற கேள்வியை நேர்காணலில் எதிர்கொள்ளப் புள்ளியியல் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் கணிதத்தை விடாதே என்கிறேன்.

வருமானத்தை மறைக்காமல் சொல்கிறேன். முனைவர் பட்டம் முடிக்கும்போது மகளுக்கு ஏறக்குறைய 28 வயதாகியிருக்கும். தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றால், 2023 முதல் நடைமுறையில் உள்ளபடி, முதல் இரண்டாண்டு மாதம் 37,000 ரூபாயும் பிறகு 42,000 ரூபாயும் கிடைக்கும். சில வேளை மாதக்கணக்கில் தாமதமாகவும் வரும். நிரந்தரப் பணியிடங்கள் குறைவு. வீட்டுக் கடனை அடைக்க 22 வயதில் சம்பளம் வந்தாக வேண்டும் என்ற நிலை இருந்தால், வேளாண் பட்டமே முறை. அத்தகைய நெருக்கடி இல்லையென்றால் ஐந்தாண்டுப் படிப்பை முயன்று பார்க்கலாம்.

இவற்றுக்கு முன், ஒரு செலவில்லாச் சோதனை. ஆறு தொட்டிகளில் தோட்டத்து மண் இட்டுத் தட்டைப்பயறு விதைக்கச் சொல்லுங்கள். மூன்றுக்கு மட்டும் சிறிது யூரியா. நாற்பதாம் நாள் மண்ணை நீரில் கரைத்து வேரை எடுத்து, முடிச்சுகளை எண்ணி, நகத்தால் கீறி உள்ளே இளஞ்சிவப்பு இருக்கிறதா என்று எழுதி வைக்கட்டும். தழைச்சத்து தாராளமாகக் கிடைத்த செடி முடிச்சு குறைவாக வைக்கும் என்று எதிர்பார்க்கலாம். அவளுக்கு அப்படி வராவிட்டால், ஏன் வரவில்லை என்று அவள் எழுதும் பக்கத்தையே நான் முதலில் படிப்பேன். அடுத்த சந்திப்புக்கு மதிப்பெண் பட்டியலோடு அந்தக் குறிப்பேட்டையும் கொண்டு வாருங்கள்.