ஏழு மணிக்கு மேல் ஆடும் அதிர்வெண்

வணக்கம் ஐயா. 10 மெகாஹெர்ட்ஸில் வரும் சீன நேர ஒலிபரப்பை சைடுபேண்டில் (நிலையத்தின் அலையே சீட்டியாகக் கேட்கும் ரேடியோ முறை) பிடித்து, ரேடியோவை ஒரு கிலோஹெர்ட்ஸ் தள்ளி வைத்து, கேட்கும் சீட்டியைக் கைப்பேசிச் செயலியால் அளக்கிறேன். மதியம் அப்படியே நிற்கிறது. இரவு ஏழு மணிக்கு மேல் ஒன்றிரண்டு ஹெர்ட்ஸ் முன்னும் பின்னும் ஆடுகிறது. அதோடு, எட்டரைக்குள் மொத்தமாக 30 ஹெர்ட்ஸ் விலகியும் விடுகிறது. கோளாறு நிலையத்திலா, வானத்திலா, என் ரேடியோவிலா?

செல்வம், சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள செல்வம்,

நிலையத்தை விட்டுவிடுங்கள். சீனாவின் புச்செங்கிலிருந்து வரும் அந்த பிபிஎம் என்ற நேர நிலையம் அணுக்கடிகாரத்தை வைத்து இயங்குவது. அதன் பிழை உங்கள் செயலிக்குத் தெரியவே தெரியாது. ஒன்றிரண்டு ஹெர்ட்ஸ் வானத்தின் கணக்கு. 30 உங்கள் ரேடியோவின் கணக்கு.

முதலில் வானம். அலை நம்மிடம் வருவது அயனி மண்டலத்தின் (மேல் வானில் மின்னேற்றம் பெற்ற பகுதி) எஃப் அடுக்கில், 250 முதல் 400 கிலோமீட்டர் உயரத்தில் வளைந்து. அந்த அடுக்கு மேலே ஏறும்போது பாதை நீள்கிறது; நீண்டுகொண்டே போகும்வரை, ஒரு விநாடிக்கு வந்து சேரும் அலைகள் கொஞ்சம் குறைகின்றன. இறங்கினால் கூடுகின்றன. அடுக்கு அசையாமல் நின்றால், எந்த உயரத்தில் நின்றாலும் அதிர்வெண் சரியாக இருக்கும், தாமதம் மட்டும்தான் மிஞ்சும். (புச்செங் நமக்கு ஏறக்குறைய 3500 கிலோமீட்டர். அதன் 'டிக்' கிளம்பிச் சுமார் 12 மில்லிவிநாடி கழித்துத்தான் கேட்கும்.)

நம் பக்கம் இதில் கொஞ்சம் மோசம். காந்த நடுக்கோடு (பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாகக் கிடக்கும் கோடு) நமக்குச் சற்று வடக்கே, தென் தாய்லாந்து வழியாகப் போகிறது. அங்கே பொழுது சாய்ந்ததும் எஃப் அடுக்கு விநாடிக்குப் பல பத்து மீட்டர் வேகத்தில் எழும்பும் இரவுகள் உண்டு. நேர் மேலே அனுப்பிய 10 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு, விநாடிக்கு 30 மீட்டர் என்றால் 2 ஹெர்ட்ஸ் குறையும்; சாய்வாக வரும் அலைக்கு அதைவிடக் குறைவு. அப்புறம் அடுக்கே கலைந்து, அலை பல வழிகளில் வரத் தொடங்கும். ஒவ்வொரு வழிக்கும் ஒரு விலகல். நீங்கள் பார்க்கும் ஆட்டம் அதுதான்.

இனி ரேடியோ. 30 ஹெர்ட்ஸ் என்பது 10 மெகாஹெர்ட்ஸில் மில்லியனுக்கு மூன்று பங்கு. ரேடியோவின் அதிர்வெண்ணைத் தீர்மானிக்கும் சாதாரண கிரிஸ்டல், சூடு மாறினால் அவ்வளவு நகரும். பகல் முழுக்கக் கொதித்த தகரக் கூரை, மாலை மழைக்குப் பிறகு குளிர்வதும் அதே ஏழு மணிக்குத்தானே! இரண்டும் ஒன்றாக நடப்பதால்தான் குழப்பம். பிரித்துப் பார்ப்பது கஷ்டமில்லை: ஒரே பக்கமாக மெதுவாக நகர்ந்தால் ரேடியோ, போய்ப் போய்த் திரும்பினால் வானம்.

ரேடியோவைச் சரிசெய்ய வேண்டுமென்றால், ஒரு மணி நேரம் ஓடவிட்டு, மதியத்தில் சில நிமிடங்களின் சராசரியை எடுங்கள். பத்து மில்லியனில் ஒரு பங்கு துல்லியம் கிடைத்தால் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வேண்டுமானால் சிற்றலையை விட்டு ஜிபிஎஸ்ஸுக்குப் போவதே சரி.

இன்னொன்று, நிமிடத்துக்கு நிமிடம் ஆங்கிலத்தில் ஒரு பெண் குரல் நேரம் சொன்னால் அது ஹவாயின் நேர நிலையமான டபிள்யூடபிள்யூவிஎச். அதற்கும் அதே 10 மெகாஹெர்ட்ஸ்தான். இரண்டும் கலந்து கேட்கும் நேரத்தில் அளக்காதீர்கள்.