பல வருடக் குடியை மாலை போட்ட அன்றே ஒரேயடியாக நிறுத்தலாமா? மனநலப் பிரிவில் வேலை செய்தவர்கள் சொல்லுங்கள்

உங்கள் அண்ணன் தினமும் காலையிலேயே தொடங்கிவிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் வீட்டில் வைத்து ஒரே நாளில் நிறுத்த வேண்டாம். மாலை தாராளமாகப் போடட்டும். அதற்குப் பத்து நாள் முன்னால் ஒரு மருத்துவரைப் பார்க்கட்டும்.

வேலூர்ப் பக்கம் 31 வருடம் மனநலச் செவிலியராக இருந்தேன், அதில் கடைசி 12 வருடம் போதை மீட்பு ஆலோசனையில். இதைச் சொல்லக் காரணம் நான் செய்த ஒரு தப்பு.

வேலைக்குச் சேர்ந்த புதிது, கார்த்திகை மாதம். குடியாத்தம் பக்கத்து லுங்கி நெசவாளி ஒருவரின் மனைவி ஓ.பி.க்கு வந்தார். "மாலை போட்டுட்டாரு சிஸ்டர். ரெண்டு நாளா தொடல. கை மட்டும் நடுங்குது" என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். "ரொம்ப நல்லதும்மா, அப்படியே பாத்துக்கோங்க" என்று அனுப்பிவிட்டேன். கை நடுங்குகிறது என்றதை நான் காதில் வாங்கவே இல்லை.

அன்று சாயங்காலமே அவருக்கு வலிப்பு வந்திருக்கிறது. அருள் வந்ததாக நினைத்து விபூதி பூசியிருக்கிறார்கள். மறுநாள் ராத்திரி ஆட்டோவில் தூக்கி வந்தார்கள். கறுப்பு வேட்டி வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. கட்டிலில் உட்கார்ந்து, போர்வை மேல் இல்லாத நூலை இரண்டு விரலால் எடுத்து, முறுக்கி, முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தார். "இழை அறுந்துபோச்சு, லைட்டைப் போடு" என்றார். லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாமி குத்தமா சிஸ்டர்?" என்று கேட்டார்.

சாமி குத்தம் இல்லை. மது மூளையை மந்தமாக்கும். தினமும் குடித்தால் மூளை அதற்கு ஈடுகொடுக்கத் தன் வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். மதுவைத் திடீரென எடுத்துவிட்டால் அந்த வேகத்தை அடக்க ஒன்றும் இருக்காது. கடைசியாகக் குடித்த 6, 8 மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். பெரும்பாலும் மூன்றாவது நாளை ஒட்டித்தான் இல்லாத பூச்சியும் ஆளும் கண்ணுக்குத் தெரியும், இடம் பொழுது புரியாது. எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. ஆனால் ஆனவரைக் கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம்.

மருத்துவமனையில் அந்த வேகத்தை அடக்கும் டையாசிபாம், லோராசிபாம் போன்ற மருந்தைக் கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். கூடவே தயமின், அதாவது பி1 ஊசி. இதை அழுத்திச் சொல்கிறேன்: நீண்ட நாள் குடித்தவர் உடம்பில் தயமின் வற்றிப்போயிருக்கும். அது போடாமல் வெறும் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினால் மூளை பாதிக்கப்பட்டு ஞாபகசக்தியே போய்விடக்கூடும். "ஒரு பாட்டில் ஏத்துங்க, தெம்பு வரும்" என்று நீங்களாகக் கேட்காதீர்கள். மாத்திரையையும் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

அப்புறம், குடிப்பவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலக்கச் சொல்லும் மாத்திரை, பொடி. டைசல்ஃபிரம், அதாவது குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் மாத்திரை, நல்ல மருந்துதான், ஆனால் அவருக்குத் தெரிந்து, சம்மதித்துச் சாப்பிட வேண்டியது. தெரியாமல் கொடுத்து, அதற்கு மேல் அவர் மது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, பிரஷர் சரியும். சாவு வரைக்கும் போகும்.

வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் 1957இல் தொடங்கியது. நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கும் முறைக்குப் பெயர்போன இடம். அது எவ்வளவு சரி என்று எனக்கு அந்த நெசவாளியின் வீட்டம்மா புரியவைத்தார். கூடவே இருந்து, வியர்ப்பதையும் நடுங்குவதையும் எனக்கு முன்னால் அவர்தான் கண்டுபிடித்தார். ஐந்தாம் நாள் காலை அவர் கணவர் தன் பெயரையும் ஊரையும் சரியாகச் சொன்னார். நான் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. கிளம்பும் முன் போனில் பேசிப் பார்க்க மனநல உதவி எண் 14416, போதைக்கென்றே 14446. வலிப்போ குழப்பமோ வந்துவிட்டால் யோசிக்காமல் 108 ஆம்புலன்ஸ்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கார்த்திகையிலும் ஓ.பி.யில் மாலையோடு யார் வந்தாலும், எதற்கு வந்திருந்தாலும், நான் முதலில் சொன்னது ஒன்றுதான்: "சாமி, ரெண்டு கையையும் கொஞ்சம் நீட்டுங்க."