சீனியர் ஓய்வு பெறுகிறார், அவர் அனுபவத்தை எப்படிப் பிடித்து வைப்பது?

சுங்கைப் பட்டாணியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “மாத்திரை கம்பெனியில் புராசஸ் டெவலப்மெண்ட் பிரிவில் இருக்கிறேன். எங்கள் சீனியர் அண்ணன் வருஷக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். பாதி விஷயம் அவர் நோட்டுப் புத்தகத்தில், மீதி அவர் தலையில். சாஃப்ட்வேர் வாங்கித் தரச் சொல்லி மேனேஜரிடம் கேட்கலாமா?”

தம்பி, சாஃப்ட்வேர் அப்புறம். ஒரே தடவையில் தயாராகும் ஒரு தொகுதி மாத்திரைதான் பேட்ச், அதன் தயாரிப்புப் பதிவான பேட்ச் ரெக்கார்டில் என்ன செய்தார்கள் என்று இருக்கும், ஏன் அப்படிச் செய்தார்கள் என்று இருக்காது. அண்ணன் போவதற்குள் அதைக் கேட்டு வாங்குங்கள்.

பழைய ரெக்கார்டு சிலவற்றை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள், கெட்டுப்போன பேட்சுகளையே முதலில் எடுங்கள். மாத்திரையின் மேல்பகுதி கழன்று கேப்பிங் ஆனது என்றால், கிரானுல் (மாத்திரையாக அழுத்தப் போகும் குருணை) அளவுக்கு மீறிக் காய்ந்ததாலா, தூள் அதிகமாகிவிட்டதா, மெஷின் வேகத்தைக் கூட்டியதாலா? ஈரம் மிஞ்சினால் மாத்திரையை அழுத்தும் பஞ்ச்சில் ஒட்டும், அதற்குப் பயந்துதான் கூடுதலாக உலர்த்தினார்களா? எதைப் பார்த்து டிரையரை நிறுத்தச் சொன்னார், அதற்கு முன் எந்த அளவை முயன்று கைவிட்டார்? கேட்டு எழுதி, தேதியும் பேரும் போட்டு வையுங்கள்.

அப்புறம் டேட்டா. மூலப்பொருள் லாட் எண் ஒரு ஃபைலில், கிரானுலேஷன் (குருணையாக்கும் வேலை) அளவுகள் இன்னொன்றில், லேப் ரிசல்ட் வேறெங்கோ என்றிருந்தால் எதையும் எதோடும் சேர்த்துப் பார்க்க முடியாது. பேட்ச் எண்ணை வைத்து எல்லாவற்றையும் ஒரே வரிசையில் கொண்டுவாருங்கள், ஒரே பெயர், ஒரே யூனிட். அறையின் ஈரப்பதத்தையும் விடாதீர்கள். ரப்பர் தோட்டத்துக் கிராணி (கணக்குப்பிள்ளை) ரப்பர் பால் கணக்கோடு மழை பெய்த நாளையும் குறித்து வைத்தால்தானே, அந்த மாசம் பால் ஏன் குறைந்தது என்று பின்னால் வருகிறவருக்குப் புரியும், உங்கள் எண்களுக்கும் அப்படி ஒரு குறிப்பு வேண்டும்.

நோட்டுப் புத்தகத்தில்தான் ரொம்பக் கவனம் தேவை. அதில் பேட்சின் அசல் அளவுகள் இருந்தால், அழகாகத் திருப்பி எழுதிவிட்டுப் பழசைத் தூக்கிப் போடாதீர்கள், அப்படியே தர உறுதிப் பிரிவான க்யூஏவிடம் ஒப்படையுங்கள். யார் எழுதியது, அந்த நேரத்திலேயே எழுதியதா, இது அசல்தானா என்று ஆய்வுக்கு வருகிறவர்கள் தோண்டிப் பார்ப்பார்கள். மருந்துத் தொழிற்சாலை ஆய்வுக்கான நாடுகளின் கூட்டமைப்பான பிக்ஸில் (PIC/S) மலேசியா 2002 முதல் உறுப்பு நாடு, இதில் சலுகை கிடைக்காது. எக்செல் ஆராய்ந்து பார்க்கப் போதும், ஆனால் வேலிடேட் செய்யாத, அதாவது சரியாகக் கணக்குப் போடுகிறதா என்று முறைப்படி சோதித்து நிரூபிக்காத ஷீட்டை நம்பி, பேட்சை விற்பனைக்கு விடும் பேட்ச் ரிலீஸ் முடிவு எடுக்கவே கூடாது.

மேனேஜர் தயங்கினால் 2008ல் வந்த ஐசிஎச் க்யூ10 (ICH Q10) என்ற மருந்துத் தர அமைப்புக்கான சர்வதேச வழிகாட்டியைக் காட்டுங்கள். தர அமைப்புக்குத் துணை நிற்பவையாக அது சொல்வது இரண்டு: ரிஸ்க் மேனேஜ்மெண்ட், அறிவு மேலாண்மை. அதைக் காட்டி, வாரம் ஒரு மத்தியானம் அண்ணனை உங்களோடு உட்கார விடச் சொல்லிக் கேளுங்கள், இந்த வாரமே.