இடது இடுப்பில் வலி என்றால் கைத்தடியை எந்தக் கையில் பிடிக்க வேண்டும்?

உங்கள் அப்பாவுக்கு இடது இடுப்பு மூட்டு தேய்ந்திருப்பதாகவும், மருத்துவர் வலது கையில் கைத்தடி பிடிக்கச் சொல்லியிருக்க, உறவினர்கள் வலிக்கிற பக்கம்தான் ஊன்ற வேண்டும் என்று வற்புறுத்துவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மருத்துவர் சொன்னதே சரி. வலது கையில்தான் பிடிக்க வேண்டும். நான் மருத்துவன் அல்லன், மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பிப்பவன். ஆனால் இந்தக் கேள்விக்கான விடை நெம்புகோல் தத்துவத்தில் இருக்கிறது என்பதாலும், என் வீட்டிலேயே இதற்காக வாதாட வேண்டியிருந்தது என்பதாலும் எழுதுகிறேன்.

என் அம்மா கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்து, இடது தொடையெலும்பின் கழுத்துப் பகுதி முறிந்து, அறுவை சிகிச்சை செய்துகொண்டார். வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு மாறலாம் என்று சொன்ன நாளில், மருத்துவமனையில் கொடுத்த தாளில் எந்த மாத்திரையை எப்போது விழுங்க வேண்டும் என்பது வரை அச்சிட்டிருந்தது; தடியை எப்படிப் பிடிப்பது என்று ஒரு வரிகூட இல்லை. அங்கிருந்த உதவியாளர் ஒருவர் தடியை அம்மாவின் இடது கையில் திணித்துவிட்டுப் போனார். இவ்வளவு செலவு செய்து எலும்பைச் சேர்த்துவிட்டு, நடக்கக் கற்றுக்கொடுக்க ஐந்து நிமிடம் ஒதுக்காத வழக்கத்தை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

வீட்டில் நான் தடியைக் கை மாற்றிக் கொடுத்தபோது பெரியப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "நல்ல பக்கம் ஊன்றினா வலிக்கிற காலுக்கு என்னடா தாங்கல்?" என்றார். அம்மாவைச் சுவரைத் தொட்டபடி இடது காலில் மட்டும் ஒரு கணம் நிற்கச் சொல்லி, அவருடைய புடவையின் கீழ்க்கரையைப் பார்க்கும்படி பெரியப்பாவிடம் சொன்னேன். வலது பாதம் தரையை விட்டு எழுந்த அதே நொடியில் கரையின் வலப்பக்கம் சரிந்து தரையில் பட்டது. நின்ற கால் இடது, சரிந்த இடுப்பு வலது. 1895-இல் ஜெர்மன் அறுவை மருத்துவர் ஃபிரெடரிக் டிரெண்டலென்பர்க் விவரித்த அடையாளம் இதுதான். இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

ஏன் சரிகிறது? நடக்கும்போது ஒவ்வொரு காலின் சுழற்சியிலும் ஏறத்தாழ 40 விழுக்காடு நேரம் உடல் அந்த ஒற்றைக் காலில்தான் நிற்கிறது. அப்போது அந்தக் காலைத் தவிர்த்த மற்ற உடலின் எடை முழுவதும், இடுப்பு மூட்டிலிருந்து சுமார் 10 செ.மீ. உட்புறமாகத் தள்ளி, கீழ்நோக்கி இழுக்கிறது. இடுப்பெலும்பு மறுபக்கம் சாயாமல் பிடித்துவைப்பது மூட்டின் வெளிப்புறத்தில் இருக்கும் குளூட்டியஸ் மீடியஸ் முதலான புட்டத் தசைகள். அவை மூட்டிலிருந்து சுமார் 5 செ.மீ. தொலைவில்தான் இழுக்கின்றன. கதவைக் கீலுக்குப் பக்கத்தில் கைவைத்துத் தள்ளுவதைப் போன்ற நிலை இது. அருகில் இருப்பதால் அதிக விசை கொடுத்தாக வேண்டும். தசைகளால் அந்த விசையைக் கொடுக்க முடியாதபோது இடுப்பு மறுபக்கம் சரிகிறது.

60 கிலோ எடையுள்ளவரை எடுத்துக்கொள்ளுங்கள். நின்ற காலைக் கழித்தால் சுமார் 50 கிலோ. 50-ஐ 10-ஆல் பெருக்கினால் 500. அதை 5 செ.மீ. தொலைவிலிருந்து சமன்செய்யத் தசை 100 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். மூட்டின் மேல் எடையும் தசை இழுப்பும் சேர்ந்து 150 கிலோ இறங்குகிறது. இப்போது எதிர்க்கையில் தடியை ஊன்றி வெறும் 5 கிலோ அளவுக்கு அழுத்தினால், அந்தக் கை மூட்டிலிருந்து ஏறத்தாழ 45 செ.மீ. தள்ளியிருப்பதால் 225 அளவுக்குத் திருப்புத்திறன் (விசையையும் தொலைவையும் பெருக்கி வருவது) கிடைக்கிறது. மீதி 275-ஐச் சமன்செய்யத் தசை 55 கிலோ இழுத்தால் போதும். தடி தாங்கும் 5 கிலோ போக மீதி எடை 45, தசை இழுப்பு 55 என மூட்டின் சுமை 100 கிலோவாகக் குறைகிறது. அதே தடியை வலிக்கிற பக்கமே ஊன்றினால், அதன் மேல்நோக்கிய விசை இடுப்பை மறுபக்கம் சாய்க்கவே உதவும். அதை ஈடுகட்ட உடம்பை வலிக்கிற காலின் மேல் சாய்த்துச் சாய்த்து நடக்க நேரிடும்.

காகிதக் கணக்கு உடம்புக்குப் பொருந்துமா என்று சிலர் கேட்கக்கூடும். நான் விசைகளைச் செங்குத்தாக எடுத்துக்கொண்டு எளிமைப்படுத்தியிருக்கிறேன் என்பது உண்மை. ஆனால் ஜெர்மனியில் ஜார்ஜ் பெர்க்மான் குழுவினர், செயற்கை மூட்டுக்குள்ளேயே அளவுகருவி பொருத்தப்பட்டவர்களை நடக்கவிட்டுப் பதிவுசெய்து 2001-இல் வெளியிட்ட அளவும், சாதாரண நடையில் உடல் எடையைப் போல் சுமார் 2.4 மடங்குதான். மேலே வந்த 150 கிலோ 2.5 மடங்கு. 1956-இல் வால்ட்டர் பிளவுண்ட் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர், கைத்தடியை ஒதுக்கிவிடாதீர்கள் என்று சக மருத்துவர்களுக்கே எழுத வேண்டியிருந்தது. தடி பிடித்தால் கிழவனாகிவிட்டோம் என்று கூசுபவர்கள் நம் வீடுகளில் நிறைய இருக்கிறார்கள். உங்கள் அப்பாவும் அப்படியென்றால், இந்த 150-ஐயும் 100-ஐயும் அவரிடம் சொல்லுங்கள்.

தடியும் இடது காலும் ஒன்றாக முன்னே போக வேண்டும். இயல்பான நடையில் இடது காலுடன் வலது கைதான் முன்னே வீசும் என்பதால் இது விரைவில் பழகிவிடும். செருப்பு அணிந்து நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், தடியின் பிடி மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் இருக்க வேண்டும். பிடித்து ஊன்றும்போது முழங்கை 20 முதல் 30 பாகை வரை மடங்கும். படியேறும்போது நல்ல காலும், இறங்கும்போது வலிக்கிற காலும் முதலில். கடைக்குப் போனால் பையை இடது கையில் எடுக்கட்டும்; வலிக்கிற பக்கமே பை தொங்கும்போது அந்த மூட்டின் சுமை குறைவாகத்தான் இருக்கும், இதற்கும் காரணம் மேலே சொன்ன கணக்கே. தடியின் அடியிலுள்ள ரப்பர் தேய்ந்து வழவழப்பாகிவிட்டால் மருந்துக்கடையில் அதை மட்டும் தனியாகக் கேட்டு வாங்கி மாற்றிவிடுங்கள்.