புறக்கணிக்கப்பட்ட நோய்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கொருக்குப்பேட்டை வாசகர்: ஒரு கால் வீங்கியிருக்கிறது. யானைக்கால் நோயா? என்ன மாத்திரை சாப்பிடலாம்?

வயது, எத்தனை நாள் வீக்கம், காய்ச்சல் உண்டா என எதையும் எழுதாமல் மாத்திரையின் பெயரை மட்டும் கேட்பது சரியல்ல. ஒரு கால் திடீரென வீங்கினால் அது இரத்த உறைவாகவும் இருக்கலாம். இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். யானைக்கால் கிருமியை நுண்ணோக்கியில் தேட, இரவு பத்து மணிக்கு மேல் எடுத்த இரத்தம் வேண்டும்.

தண்டையார்பேட்டை வாசகர்: கொக்கிப் புழுவெல்லாம் ஏழை நாடுகளின் நோய்தானே? அமெரிக்காவில் இருந்தால் குடியேறியவர்கள் கொண்டுபோனதாகத்தானே இருக்கும்?

இல்லை. நாட்டின் பெயரைப் பார்த்து நோயை முடிவு செய்யும் பழக்கம் மருத்துவர்களிடமும் இருப்பது என் நெடுநாள் வருத்தம். 2017-ல் வெளிவந்த, அலபாமா மாநிலத்தின் லவுண்டஸ் மாவட்டத்தில் ஐம்பத்தைந்து பேரின் மலத்தைச் சோதித்த ஒரு சிறிய ஆய்வில், ஏறத்தாழ மூவரில் ஒருவரிடம் கொக்கிப் புழுவின் தடயம் இருந்தது. அவர்கள் அங்கேயே தலைமுறை தலைமுறையாக வாழும் கறுப்பின மக்கள். அங்குள்ள களிமண்ணில் சாதாரண கழிவுத் தொட்டி வேலை செய்யாது. தக்க தொட்டி கட்டப் பணமில்லாத வீடுகளில், கழிப்பறையிலிருந்து வரும் பிளாஸ்டிக் குழாய் கொல்லையிலேயே திறந்துகிடக்கிறது. புழுவின் இளம் பருவம் அந்த மண்ணில் வளர்ந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. மழைக்காலத்தில் வியாசர்பாடியின் தாழ்வான தெருக்களில் சாக்கடை நீர் வாசலேறுவதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. டெக்சாஸ் மருத்துவ அறிவியலாளர் பீட்டர் ஹோட்டஸ் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவதும் இதுவே: இந்நோய்களின் பெரும்பங்கு ஜி-20 போன்ற பெரும் பொருளாதார நாடுகளில் வாழும் ஏழைகளிடம் இருக்கிறது. வந்தேறிகள்மீது பழி போட்டுவிட்டால், கழிவுநீர்க் குழாய் போடவேண்டிய அரசு தப்பித்துக்கொள்கிறது.

பெரம்பூர் வாசகி: லண்டனில் முப்பது ஆண்டுகளாக இருக்கும் என் அண்ணனுக்கு ஆஸ்துமாவுக்காக ஸ்டீராய்டு மாத்திரை தரப்போகிறார்கள். பழைய புழுத் தொற்று எதுவும் இப்போது இருக்காதல்லவா?

இருக்கலாம். ஸ்டிராங்கிலாய்ட்ஸ் என்னும் புழு உடலுக்குள்ளேயே பெருகிக்கொண்டு பல பத்தாண்டுகள் தங்கும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதையில் கைதிகளாக வேலை செய்த பிரிட்டிஷ் வீரர்களிடம், போர் முடிந்து வெகுகாலத்திற்குப் பின்னும் அது கண்டறியப்பட்டது. ஸ்டீராய்டு எதிர்ப்பாற்றலைத் தணிக்கும்போது அது உடலெங்கும் பரவி உயிரையே எடுக்கக்கூடும். பிறந்து வளர்ந்த ஊரை மருத்துவரிடம் சொல்லி, இரத்தப் பரிசோதனை கேட்கச் சொல்லுங்கள். தொற்று இருந்தால் ஐவர்மெக்டின் என்னும் மருந்து உண்டு. எப்போதும் சொல்வதுதான்: ஸ்டீராய்டை மருந்துக்கடையில் தானாக வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

திருவொற்றியூர் வாசகர்: பிரான்சிலும் டெங்கு வருமா?

வரும். 2022-ல் மட்டும் அங்கேயே தொற்றியவர்கள் அறுபதுக்கும் மேல். டெங்குவைப் பரப்பும் புலிக் கொசு தெற்கு ஐரோப்பாவில் வேரூன்றிவிட்டது.

ராயபுரம் வாசகர்: டெக்சாஸில் இரத்ததானம் செய்த மகனுக்கு ‘சாகாஸ்’ என்று கடிதம் வந்துள்ளது.

சாகாஸ் என்பது இரத்தம் உறிஞ்சும் ஒருவகைப் பூச்சி பரப்பும் ஒட்டுண்ணி நோய்; அந்தப் பூச்சி வீட்டுச் சுவரின் விரிசல்களிலும் தங்கும். எனவே எத்தனை ஆண்டுகளாக அங்கே இருக்கிறார், எந்த மாதிரி வீட்டில் என்பதையும் எழுதியிருக்க வேண்டும். 2007 முதல் அங்கே தானமாகப் பெறும் இரத்தத்தில் இந்தச் சோதனை நடக்கிறது. இரத்த வங்கியின் முதல் முடிவு பல நேரம் தவறாக இருப்பதால், வேறு முறையில் மறுசோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும். உறுதியானால் தாமதிக்காமல் இசிஜி எடுத்து, பென்ஸ்னிடசோல் என்னும் மருந்தைப் பற்றிக் கேட்கட்டும். சிகிச்சை இல்லாதவர்களில் மூன்று, நான்கு பேரில் ஒருவருக்கு ஆண்டுகள் கழித்து இதயம் பாதிக்கப்படுகிறது.