முற்றத்தில் மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்படி கார் பாதை போட வேண்டும். இன்டர்லாக் கல் போட்டால் போதுமா?

போதாது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நானும் இன்டர்லாக் என்றாலே இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கிவிடும் என்று நம்பியவன்தான்.

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம். கேட்டிலிருந்து போர்ட்டிகோ வரை 40 அடி நீளம், 10 அடி அகலம், முழுக்கக் காங்கிரீட்டாக இருந்தது. 2021 நவம்பர் மழையில் அதில் விழுந்த தண்ணீர் போக வழியில்லாமல் வாசல்படி வரை ஏறி நின்றது. ஆனி, ஆடி வந்தால் பாசி வேறு. அம்மா இரண்டு தடவை வழுக்கி விழுந்தார். அடுத்த கோடையில் உடைத்துவிட்டோம்.

வழக்கமாக இன்டர்லாக் போடுகிறவர்கள் அடியில் பாறைப்பொடியை விரித்து இறுக்கி, இடுக்கிலும் பொடியையே தூவுவார்கள். அது நனைந்து இறுகிப் போனால் தண்ணீர் மேலேயே ஓடும். எந்த நிறக் கல், எந்த டிசைன் என்று நாம் கடை கடையாக ஏறி இறங்குகிறோம், ஆனால் தண்ணீரை வாங்கி வைத்துக்கொள்வது அடியில் கிடக்கிற ஜல்லிதான்.

அதனால் கல் பார்க்கப் போவதற்கு முன்னால் மண்ணைப் பாருங்கள். உங்கள் மனை விளையாக (மேட்டுத் தோட்ட நிலமாக) இருந்ததா, வயலை நிரப்பியதா? விளை என்றால் பெரும்பாலும் சரல் (சிறு கல்) கலந்த செம்மண், தண்ணீர் நன்றாக இறங்கும். வயல் என்றால் அடியில் களிமண் இருக்கும். பாதை வரப்போகிற இடத்தில் ஒன்றரை அடி ஆழத்துக்கு ஒரு குழி எடுத்துத் தண்ணீர் ஊற்றுங்கள், அது வற்றியதும் மறுபடி ஊற்றி மணி பாருங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு அங்குலமாவது இறங்கினால் தைரியமாகப் போடலாம். அரை அங்குலம்கூட இறங்காவிட்டால் ஜல்லிக்கு அடியில் துளை போட்ட பிவிசி குழாய் பதித்து ஓடைக்கோ உறிஞ்சு குழிக்கோ கொண்டுபோக வேண்டியிருக்கும்.

நாங்கள் செய்தது இப்படி. 15 அங்குலம் தோண்டினோம் (அந்த மண் முழுக்கத் தென்னை மரத்தடிக்குப் போயிற்று). மண் மேலேறி ஜல்லியை அடைக்காமல் இருக்க ஜியோ டெக்ஸ்டைல் துணி விரித்து, அதன்மேல் 6 அங்குலம் 40 எம்எம் ஜல்லி, 4 அங்குலம் 20 எம்எம், கடைசியாக 2 அங்குலம் 6 எம்எம் சிப்ஸ், அதாவது சின்ன ஜல்லி. எல்லாம் பொடி இல்லாமல் கழுவியது. மேலே 80 எம்எம் கனமுள்ள, நடுவில் ஓட்டை விட்ட புல் கல். 60 எம்எம் கல் நடைபாதைக்குச் சரி, கார் ஏறுகிற இடத்துக்கு வேண்டாம். கல் விலகாமல் இருக்க இரண்டு பக்கமும் காங்கிரீட் கட்டை கட்டினோம், வீட்டுப் பக்கம் மட்டும் அஸ்திவாரத்தை ஒட்டித் தடிமனான பிளாஸ்டிக் ஷீட்டைச் செங்குத்தாக இறக்கினோம். மொத்த ஜல்லி 400 கன அடி, அதாவது 4 யூனிட். அதில் சுமார் 40 சதவீதம் வெற்றிடம் என்று வைத்தால் சுமார் 4,500 லிட்டர் தண்ணீர் நிற்கும். இந்தப் பரப்பில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுவதே 3,700 லிட்டர்தான்.

வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். எங்கள் கொத்தனார் நல்ல வேலைக்காரர், ஆனாலும் நான் கடைக்குப் போய் வருவதற்குள், "கல் ஆடாம இருக்கட்டும்" என்று ஒரு மூலையில் பாறைப்பொடியைக் கொட்டிப் பரப்பிவிட்டார். அவ்வளவையும் வாரச் சொன்னேன். அவருக்கு வருத்தம்தான், வேறு வழியில்லை. அதே மாதிரி அடிமண்ணை ரோலர் விட்டு இறுக்கவும் விடாதீர்கள். ஜல்லியை மட்டும் அடுக்கு அடுக்காகக் கம்பாக்டர் (அதிர்த்து இறுக்கும் இயந்திரம்) விட்டு உட்கார வைத்தால் போதும்.

ஓட்டைகளில் புல் வைப்பதா சிப்ஸ் நிரப்புவதா என்றால், கார் நாள் முழுக்க நிற்கிற இடத்தில் வெயில் படாமல் புல் பட்டுப்போகும். அங்கே சிப்ஸ், மற்ற இடத்தில் புல்.

விளவங்கோடு பக்கம் மாதிரி நல்ல சரிவான பாதை என்றால் இதை அப்படியே செய்ய முடியாது. ஜல்லிக்குள் இறங்கிய தண்ணீர் அடிவழியாகவே ஓடிக் கீழ் முனையில் பொங்கும். குறுக்கே சின்னத் தடுப்புச் சுவர்கள் வேண்டும்.

கிணறு ஏறியதா என்று கேட்பீர்கள். 400 சதுர அடியை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்வது சரியில்லை. கிணற்றுக்கு மொட்டைமாடித் தண்ணீரை வடிகட்டி விடுவதுதான் பலன். ஆனால் முற்றத்தில் இப்போது தண்ணீர் நிற்பதில்லை, அம்மா மழையிலும் பயமில்லாமல் நடக்கிறார்.

பக்கத்தில் ரப்பர் தோட்டம் இருந்தால் சருகை அவ்வப்போது பெருக்கிவிடுங்கள், மேட்டு மண் கரைந்து வராமல் ஓரத்தில் ஒரு சால் வெட்டிவிடுங்கள். கிணறு பக்கத்தில் என்றால் காரைச் சோப்புப் போட்டு அதன்மேல் கழுவ வேண்டாம்.